மூன்று ஏக்கரில் புதுமைக்கு எத்தனை சென்ட்?

விதை எடுக்கும் காலம் வந்துவிட்டால் எந்தக் கிராமத்திலும் இரண்டு விதமான விவசாயிகளைப் பார்க்கலாம். ஒருவர், போன பட்டத்தில் போட்ட ரகத்தையே இந்தப் பட்டத்திலும் போடுவார். அதே நாளில் நாற்று விடுவார், அதே நடவுக் கோஷ்டியைக் கூப்பிடுவார், அதே கடையில் உரம் எடுப்பார். மற்றொருவர், பக்கத்து ஊரில் புதிதாக ஏதோ வந்திருக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், அடுத்த வாரமே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்து, அதற்கடுத்த வாரம் இருக்கிற நிலம் முழுவதையும் அதற்கு மாற்றிவிடுவார். முதலாமவரை ஊரில் கெட்டிக்காரர் என்கிறார்கள். இரண்டாமவரை, பலித்த வருஷத்தில் முன்னோடி என்றும் பலிக்காத வருஷத்தில் வேறு விதமாகவும் சொல்கிறார்கள்.

மூன்று ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயி இந்த இருவரில் யாரைப் பின்பற்றுவது? விவசாயமும் ஒரு தொழில்தான். அதிலும் மிகச் சிறிய தொழில். பெரிய ஆலை வைத்திருப்பவர் புதிய சரக்கு ஒன்றைச் செய்து பார்த்து நஷ்டப்பட்டால் மற்ற சரக்கின் லாபத்தில் சரிக்கட்டிக்கொள்வார். சிறு விவசாயிக்கு அந்த வசதி இல்லை. அவருடைய முதல், கூலி, வீட்டுச் சாப்பாடு, பிள்ளைகளின் பள்ளிச் செலவு எல்லாம் ஒரே வயலில் கிடக்கின்றன. அதனால் புதுமையே வேண்டாம் என்று இருந்துவிடலாமா என்றால், அதுவும் முடியாது. ஏன் முடியாது என்பதற்கு நெல்லின் கதையே போதும்.

பழகிய வழியின் பலமும் அதன் வயதும்

ஒரே பயிரை ஒரே முறையில் பல வருஷம் செய்கிறவருக்கு ஒரு செட்டு வந்துவிடுகிறது. எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்த வரப்பில் எலி வளை போடும், எத்தனையாம் நாள் மேலுரம் போட்டால் பயிர் எடுத்துக்கொள்ளும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு ஆள் கூடுதலாகக் கூப்பிட மாட்டார். ஒரு கிலோ யூரியா வீணாகாது. சிறு விவசாயியின் லாபம் என்பது பெரும்பாலும் இந்தச் செட்டில் மிச்சமாகிற காசுதான். இதைப் பழமை என்று கேலி செய்கிறவர்கள் கணக்குத் தெரியாதவர்கள்.

ஆனால் அந்தச் செட்டு நிற்பது ஒரு ரகத்தின் மீது, ஒரு சந்தையின் மீது, ஒரு தண்ணீர் வரத்தின் மீது. அவற்றில் எதுவும் நிரந்தரமல்ல.

தஞ்சை ஜில்லாவில் 1960ல் தீவிர விவசாயத் திட்டம் தொடங்கிய பிறகு, 1965 வாக்கில் ஆடுதுறை 27 வந்தது. ஜப்பான் நாட்டு ரகம் ஒன்றையும் நம் பக்கத்து ஜி.இ.பி. 24ஐயும் ஒட்டுச் சேர்த்து உண்டாக்கிய குறுவை ரகம் அது. குறுகிய காலத்தில் டெல்டா முழுக்கப் பரவியது. அதைப் பழகி, அதில் செட்டு கண்டவர்கள் ஏராளம். ஆனால் அதற்கு ஒரு குறை இருந்தது. விதை உறக்கம் இல்லாத ரகம் அது. அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் சாய்ந்த கதிரிலேயே நெல் முளைவிட்டுவிடும். குறுவை அறுப்பும் ஐப்பசி மழையும் கிட்டத்தட்ட ஒன்றாக வருகிற ஜில்லாவில் இது சின்ன விஷயமல்ல. பின்னால் வேறு ரகங்கள் வந்தன, ஆடுதுறை 27 போய்விட்டது. 1980ல் ஆடுதுறை 36, 1998ல் ஆடுதுறை 43 என்று வரிசை நீண்டது. இடையில் ஐ.ஆர். 50 வந்தது. சன்ன அரிசி, குறைந்த வயது என்று எல்லோரும் அதைத் தேடிப் போனார்கள். குலைநோய்க்கு அது எளிதில் இரையாகிறது என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.

எந்த ரகமும் ஒரு விவசாயியின் ஆயுள் முழுக்கக் கூட வருவதில்லை. ஒரு ரகத்தில் மட்டும் கைதேர்ந்தவர், அது நோய்க்கு விழுகிற வருஷத்தில் எல்லோரையும் போல விதைக் கடை வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கும். அதே ஊரில் மூலை வயலில் அடுத்த ரகத்தை இரண்டு பட்டம் போட்டுப் பார்த்திருந்தவரிடம் சொந்த விதை இருக்கும். அந்த ரகத்தின் குணமும் குறையும் கையில் இருக்கும். பழைய செட்டு தீர்ந்துபோகிற நாளில் அடுத்த செட்டைத் தயாராக வைத்திருப்பதற்குத்தான் புதுமை தேவை. வேடிக்கைக்காகவோ, பத்திரிகையில் படம் வருவதற்காகவோ அல்ல.

மொத்தமும் வைத்து இழந்த கதைகள்

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2000ல் மடகாஸ்கரில் புயல் அடித்து வெனிலாக் கொடிகள் அழிந்தன. உலகச் சந்தையில் வெனிலா விலை ஏறிக்கொண்டே போனது. கேரளத்திலும் கர்நாடகத்திலும் தென்னந்தோப்புகளில் வெனிலாக் கொடி நட்டார்கள், தமிழ்நாட்டிலும் சிலர் நட்டார்கள். கொடியின் ஒரு கணுத் துண்டுக்கே நல்ல விலை இருந்தது. வெனிலா நட்டு மூன்று வருஷம் கழித்துத்தான் பூக்கும். பூவைக் கையால் ஒவ்வொன்றாக மகரந்தம் சேர்க்க வேண்டும். காயைப் பதப்படுத்த மேலும் பல மாதம் ஆகும். 2003ஐ ஒட்டி உச்சத்தில் இருந்த விலை அடுத்த இரண்டு வருஷத்திற்குள் பாதாளத்திற்கு இறங்கிவிட்டது. விலை ஏறும்போது நட்டவர்களின் கொடி காய்த்தது விலை இறங்கிய பிறகு.

வெனிலாவிலாவது ஒரு உண்மையான பண்டம் இருந்தது. ஈமு கோழி விஷயத்தில் அதுவும் சந்தேகம். ஈரோடு பக்கத்தில் 2012 ஆகஸ்டில் வெடித்த அந்த விவகாரத்தை மேற்கு மாவட்டத்து விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். முன்பணம் கட்டினால் குஞ்சு தருவார்கள், கொட்டகை போட்டுத் தருவார்கள், மாதாமாதம் பராமரிப்புப் பணம் தருவார்கள், வருஷத்திற்கு ஒரு போனஸ், கடைசியில் முன்பணமும் திரும்ப வரும் என்று ஒப்பந்தம். சில மாதம் பணமும் ஒழுங்காக வந்தது. நிலத்தை அடமானம் வைத்துப் பணம் கட்டியவர்கள் உண்டு. ஓய்வுபெற்று வந்த பணத்தை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் உண்டு. ஒரே ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை: இந்த இறைச்சியை யார் தின்கிறார்கள்? ஊர்ச் சந்தையில் ஒரு கிலோ விற்றதைப் பார்த்தவர்கள் யார்? வந்த மாதப் பணம் கோழியிலிருந்து வரவில்லை, அடுத்து வந்து சேர்ந்தவரின் முன்பணத்திலிருந்து வந்தது. நிறுவனங்கள் கதவடைத்தபோது தீவனமின்றிக் கிடந்த பறவைகளுக்கு அரசாங்கமே தீனி போட வேண்டியதாயிற்று.

இந்த இரண்டு கதைகளையும் சொல்லிப் பயமுறுத்தி, புதிய பயிர் எதுவும் வேண்டாம் என்று புத்தி சொல்கிற பெரியவர்கள் ஊரில் இருக்கிறார்கள். அது சரியான பாடமல்ல. நாலு கொடி வெனிலா வைத்துப் பார்த்தவருக்கு நஷ்டம் நாலு கொடிதான். தப்பு எங்கே நடந்தது என்றால், செய்து பார்ப்பதற்கு முன்பே மொத்தத்தையும் வைத்ததில் நடந்தது. அதிலும் திரும்பி வர முடியாத இடத்தில் வைத்ததில் நடந்தது. நெல்லில் ஒரு ரகம் சரியில்லை என்றால் நாலு மாதத்தில் அறுத்துவிட்டு அடுத்ததைப் போடலாம். தோப்பு வைத்தால் பத்து வருஷம் அதோடு கட்டிப்போட்ட மாதிரி. 2016ல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் சுருள் வெள்ளை ஈ முதன்முதலாகத் தென்பட்டபோது, குட்டை ரகங்களையும் வீரிய ஒட்டு ரகங்களையும்தான் அது அதிகம் பிடித்தது. நெட்டை மரமும் கலந்து வைத்திருந்தவர்கள் ஓரளவு மூச்சு விட்டார்கள். ஆகவே மரப்பயிர், கறவை மாடு, கொட்டகை, ஆழ்குழாய்க் கிணறு போன்றவற்றில் சோதனையின் அளவு இன்னும் சிறிதாக இருக்க வேண்டும்.

இருபது சென்ட் கணக்கு

சரி, எவ்வளவு? இதற்கு ஒரே விடை எல்லோருக்கும் பொருந்தாது. ஆனால் அளவுகோல் ஒன்றுதான். முழுவதும் போனாலும் அந்த வருஷம் வட்டிக்கு வாங்காமல் வீடு நடக்க வேண்டும். அந்த அளவுக்கு மேல் ஒரு சென்ட் கூடச் சோதனைக்கு விடக்கூடாது.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். மூன்று ஏக்கர் நஞ்சை. ஏக்கருக்குச் சாகுபடிச் செலவு 30,000 ரூபாய், செலவு போக நிற்பது 15,000 ரூபாய். நல்லபடி விளைந்தால் மூன்று ஏக்கரில் 45,000 நிற்கும். மூன்று ஏக்கரையும் புதிய முறைக்கு விட்டு அது முற்றிலும் பலிக்காமல் போனால் போட்ட 90,000 ரூபாயும் போச்சு, வர வேண்டிய 45,000மும் போச்சு. கடன் அடைய மூன்று நாலு பட்டம் ஆகும். இருபது சென்ட் மட்டும் விட்டிருந்தால் போவது செலவு 6,000, வரவேண்டியது 3,000, ஆக 9,000. வலிக்கும். ஆனால் மிச்சம் இரண்டு ஏக்கர் எண்பது சென்ட்டில் வரும் 42,000 அதைத் தாங்கிவிடும். பலித்தால் இருபது சென்ட்டில் வருகிற கூடுதல் லாபம் சொற்பம்தான். அதனால் என்ன? அதில் கிடைத்த அனுபவத்தை அடுத்த பட்டத்தில் மூன்று ஏக்கருக்கும் போடலாம்.

குத்தகை நிலம் செய்கிறவருக்கு இருபது சென்ட்டும் அதிகம். அவர் பலித்தாலும் பலிக்காவிட்டாலும் குத்தகை நெல்லை அளந்தாக வேண்டும். அவருக்கு ஐந்து சென்ட் போதும், ஒரு பாத்தி போதும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. சின்ன வயலில் விளைகிற மாதிரி பெரிய வயலில் விளையாது என்பார்கள். உண்மை. இருபது சென்ட் சோதனை வயலைத் தினம் இரண்டு தடவை போய்ப் பார்ப்பார்கள். வீட்டுப் பெண்களே நட்டு, வீட்டு ஆட்களே களையெடுத்து, குழந்தையைப் போலக் கவனிப்பார்கள். அந்தக் கவனம் மூன்று ஏக்கருக்குக் கிடைக்காது. ஆகவே சோதனை வயலில் கண்ட விளைச்சலை அப்படியே நம்பிவிடக்கூடாது. முதல் பட்டம் இருபது சென்ட், இரண்டாம் பட்டம் ஒரு ஏக்கர். அந்த ஒரு ஏக்கரை வழக்கமான கூலி ஆட்களைக் கொண்டு வழக்கமான கவனத்தோடுதான் செய்ய வேண்டும். அங்கேயும் நின்றால்தான் மூன்றாம் பட்டத்தில் மற்றதையும் மாற்றலாம். இந்த நடுப் படியைத் தாண்டிக் குதிக்கிறவர்களே அதிகம்.

ஒற்றை நாற்று கற்றுக்கொடுத்தது

இந்த நடுப் படி ஏன் முக்கியம் என்பதற்கு ஒற்றை நாற்று நடவைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1980களின் தொடக்கத்தில் மடகாஸ்கர் தீவில் ஹென்றி டி லோலானி என்ற பாதிரியார் அங்குள்ள சின்ன விவசாயிகளோடு சேர்ந்து கண்டறிந்த முறை அது. 2000க்குப் பிறகு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் காவிரி, தாமிரபரணிப் பாசனப் பகுதிகளில் விவசாயிகளின் வயல்களிலேயே இதைச் செய்து காட்டியது. செம்மை நெல் சாகுபடி, திருந்திய நெல் சாகுபடி என்று பெயர் வந்தது. வயலைக் காயவிட்டுத் தண்ணீர் கட்டுவது புதிதல்ல. காய்ச்சலும் பாய்ச்சலும் என்று தாத்தா காலத்திலேயே சொன்னதுதான். ஒற்றை நாற்றையும்கூட இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண விவசாய இலாகா சொல்லிப் பார்த்திருக்கிறது. இவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்ததுதான் புதுமை.

முறை இதுதான். ஏக்கருக்கு இரண்டு மூன்று கிலோ விதை போதும். வழக்கமாக இருபத்தைந்து முப்பது கிலோ போகிற இடம் அது. நாற்றங்கால் ஒரு சென்ட் போதும். பதினான்கு நாள் நாற்றை வேரில் மண்ணோடு எடுத்து, குத்துக்கு ஒன்றாக, இருபக்கமும் 22.5 அல்லது 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நட வேண்டும். கட்டிய நீர் மறைந்து மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரிந்த பிறகு மறுபடி நீர் கட்ட வேண்டும். நட்ட பத்தாம் நாள் தொடங்கிப் பத்து நாளுக்கு ஒரு தரம் உருளும் களைக்கருவியை நெடுக்கும் குறுக்கும் தள்ள வேண்டும். களை சேற்றில் அமுங்கி உரமாகும், வேருக்குக் காற்றும் கிடைக்கும்.

பத்து சென்ட்டில் இதைச் செய்தவர்கள் வாய்பிளந்து பார்த்தார்கள். ஒரு குத்தில் நாற்பது ஐம்பது தூர். ஆனால் மூன்று ஏக்கருக்குக் கொண்டுபோனபோது நடவுக் கோஷ்டியின் தலைவி வரப்பில் நின்று, "இது நாத்தா, முளைக்கீரையாண்ணே? இதைப் புடிச்சு நட்டா எங்களுக்குப் பொழுது போயிடும், ஏக்கருக்குக் கூலி கூட்டிக் கொடுப்பியளா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. அடையாளக் கயிற்றைப் பிடித்து, முடிச்சுக்கு முடிச்சு ஒற்றை நாற்றாக நடுவது புதிய வேலை. பழகும்வரை நேரம் பிடிக்கும். விதையில் மிச்சமான பணம் விவசாயிக்கு, புது வேலையின் சிரமம் நடவுப் பெண்களுக்கு என்றால் யார்தான் ஒத்துக்கொள்வார்கள்? களைக்கருவியும் அப்படித்தான். முதலில் வந்த கருவிகள் கனமானவை. களையெடுப்பது பெண்கள் வேலையாக இருந்த ஊர்களில் அதைத் தள்ள ஆண் கூலி வைக்க வேண்டியதாயிற்று. ஆண் கூலி அதிகம், ஆளும் கிடைப்பதில்லை. சம்பா நேரத்தில் பள்ளக்கால் வயலில் மழைத் தண்ணீர் நின்றால் பதினான்கு நாள் நாற்று மூழ்கியே போகும்.

என்ன நடந்தது? பெரும்பாலான விவசாயிகள் முறையை முழுதாக எடுக்கவும் இல்லை, முழுதாக விடவும் இல்லை. விதையைக் குறைத்துக்கொண்டார்கள். நாற்றின் வயதைப் பதினான்கிலிருந்து பதினெட்டு, இருபது நாளாக்கினார்கள். ஒன்றுக்குப் பதில் இரண்டு நாற்று வைத்தார்கள். வரிசையை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டார்கள். களைக்கருவியை நாலு தரம் தள்ளுவதற்குப் பதில் இரண்டு தரம் தள்ளினார்கள். இதைப் பார்த்த சில அதிகாரிகள், முறையைக் கெடுத்துவிட்டார்கள் என்று குறைபட்டார்கள். அது நியாயமான குறை அல்ல. புதிய யோசனையைத் தன் ஆள் பலத்துக்கும் தண்ணீர் வசதிக்கும் தக்கபடி வெட்டித் தைத்துக்கொள்வதுதான் தொழில் தெரிந்தவன் செய்கிற காரியம்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். எதை விட்டால் எது கெடும் என்று தெரிந்து விட வேண்டும். இடைவெளியைப் பெரிதாக வைத்துவிட்டுக் களைக்கருவியை அறவே விட்டவர்களின் வயலில், அந்த இடைவெளியில் நெல் தூர் கட்டவில்லை, கோரைதான் தூர் கட்டியது. அகல நடுவதும் களையை அமுக்குவதும் ஒன்றையொன்று சார்ந்தவை. விதைச் சிக்கனம் அப்படியல்ல, அதைத் தனியாகவே எடுத்துக்கொள்ளலாம். இந்த வித்தியாசம் இருபது சென்ட்டிலும் ஒரு ஏக்கரிலும் செய்து பார்த்தவருக்குத் தெரிந்தது. மேடையில் கேட்டுவிட்டு வந்து மூன்று ஏக்கரில் போட்டவருக்குத் தெரியவில்லை.

நஷ்டத்தை யார் சுமப்பது?

சோதனை செய்யாத விவசாயியைப் பார்த்துப் பிற்போக்கு என்று சொல்லிவிடுவது சுலபம். சோதனையின் நஷ்டம் முழுவதையும் அவர் தலையில் வைத்துவிட்டு அப்படிச் சொல்வது அநியாயம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 2004 முதல் நடந்த நுண்ணிய பண்ணையத் திட்டத்தில் இதற்கு ஒரு நல்ல வழி காணப்பட்டது. மூன்று வருஷத்தில் மொத்தம் 400 ஹெக்டேர், விவசாயிக்கு ஒரு ஹெக்டேர். சொட்டு நீர்ப் பாசனம், நீரில் கரையும் உரம், குழித்தட்டு நாற்று என்று எல்லாமே அந்தப் பக்கத்துக்குப் புதிது. முதல் வருஷம் சேர்ந்தவர்களுக்கு முழுச் செலவும் மானியம். அடுத்த வருஷம் சேர்ந்தவர்களுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு. மூன்றாம் வருஷம் சேர்ந்தவர்களுக்கு எண்பது. முதலில் துணிகிறவனுக்கு அபாயம் அதிகம், ஆகவே உதவியும் அதிகம். பின்னால் வருகிறவன் முன்னவன் வயலைப் பார்த்துவிட்டு வருகிறான், அவனுக்கு அவ்வளவு தேவையில்லை. எத்தனையோ திட்டங்களில் இது தலைகீழாக நடக்கிறது. மார்ச் மாதம் இலக்கு முடிக்க வேண்டும் என்று அவசரப்பட்டு, யார் கிடைக்கிறார்களோ அவர்கள் தலையில் கட்டப்படுகிறது.

பயிர்க் காப்பீடும் இங்கே கை கொடுக்காது. அது கிராமத்தின் சராசரி விளைச்சலை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஊரெல்லாம் விளைந்து ஒருவருடைய சோதனை வயல் மட்டும் கருகினால் அவருக்கு ஒரு காசும் வராது. இலாகாவின் சிபாரிசின் பேரில், அலுவலர் கையெழுத்தோடு சின்ன அளவில் புது ரகமோ புது முறையோ செய்து பார்க்கும் சிறு விவசாயிக்கு, விளைச்சல் குறைந்தால் குறைந்த அளவுக்கு ஈடு கொடுக்க ஒரு தனி நிதி வேண்டும். ஆளுக்குப் பத்து இருபது சென்ட் என்று வரம்பு கட்டினால் ஆகிற செலவு பெரிதாக இருக்காது. விளம்பரப் பலகைகளுக்கும் கண்காட்சிப் பந்தல்களுக்கும் செலவாகிற பணத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

அது வரும்வரை ஊர் தன் கையையே நம்ப வேண்டும். பத்துப் பேர் ஒன்றாகச் சேர்ந்தால் ஒருவர் ஒரு ரகம், மற்றவர் ஒரு உரமுறை, இன்னொருவர் ஒரு ஊடுபயிர் என்று பங்கிட்டுக்கொள்ளலாம். ஆளுக்குப் பத்து சென்ட் போதும். ஒருவருக்கு விழுந்ததை மற்ற ஒன்பது பேரும் விதையாகவோ நெல்லாகவோ கொஞ்சம் ஈடு செய்யலாம். ஒரே பட்டத்தில் பத்துச் சோதனையின் பலன் பத்துப் பேருக்கும் தெரிந்துவிடும். உழவர் மன்றங்களும் உற்பத்தியாளர் குழுக்களும் கூட்டம் போட்டுக் கலைவதைவிட இது உருப்படியான வேலை.

சோதனை வயலை எப்படி வைப்பது

இருக்கிறதிலேயே நல்ல வயலில் சோதனை போட்டால் எதுவும் விளையும். கடைமடைக் களர் மூலையில் போட்டால் எதுவும் விளையாது. வழக்கமான பயிர் நிற்கிற வயலிலேயே ஒரு வரப்புப் பிரித்து, பக்கத்துப் பக்கத்தில் வைக்க வேண்டும். அதே மண், அதே தண்ணீர், அதே நாள். மாற்றுவது ஒன்றாக மட்டும் இருக்க வேண்டும். ரகத்தையும் மாற்றி, உரத்தையும் மாற்றி, நடவையும் மாற்றினால் விளைந்தது எதனால் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். வீட்டில் படிக்கிற பிள்ளையை எழுதச் சொல்லலாம். எத்தனை ஆள், எத்தனை நாள், என்ன மருந்து, எவ்வளவு செலவு என்று இரண்டு வயலுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். வீட்டு ஆட்களின் உழைப்பையும் கூலி போட்டு எழுத வேண்டும். இதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். மனைவியும் மகளும் ஒரு வாரம் குனிந்து நட்டது கணக்கில் வராததால்தான் சில புதிய முறைகள் லாபமாகத் தோன்றுகின்றன. எத்தனை பட்டம் பார்ப்பது, எவ்வளவு கூடுதல் வந்தால் தொடர்வது, எதற்குக் கீழே போனால் நிறுத்துவது என்பதை விதைக்கும் முன்பே முதல் பக்கத்தில் எழுதிவிட வேண்டும். பயிர் வளர்ந்த பிறகு ஆசையும் வளர்ந்துவிடும். அப்போது எழுதினால் சரியாக வராது.

விளைச்சலைக் கண்ணால் மதிப்பது கூடாது. ஒவ்வொரு வயலிலும் நடுவாகப் பார்த்து ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் கயிறு கட்டி, அதை மட்டும் அறுத்து அடித்துத் தூற்றிக் காயவைத்து நிறுத்தால் போதும். வந்த கிலோவை 162ஆல் பெருக்கினால் ஏக்கர் விளைச்சல் கிடைக்கும். ஒரு சதுரத்தில் 15 கிலோ என்றால் ஏக்கருக்கு 2,430 கிலோ. வயலுக்கு இரண்டு மூன்று இடத்தில் எடுத்துச் சராசரி பார்ப்பது இன்னும் நல்லது. வரப்போரக் குத்துகளைச் சேர்க்கக்கூடாது, அவை எப்போதும் கொழுத்தே நிற்கும். சாப்பாட்டு ரகமாக இருந்தால் கொஞ்சம் அரைத்துச் சமைத்தும் பார்க்க வேண்டும். விளைந்தும் வியாபாரி கேட்காத நெல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கடைசியில் பல சோதனைகள் கெட்டுப்போவது பூச்சியாலோ மழையாலோ அல்ல, அறுப்பு நாளில்தான். அறுப்பு மெஷின் மணிக் கணக்கு வாடகைக்கு வருகிறது. வயலில் இறங்கிய பிறகு இருபது சென்ட்டுக்காக அதை நிறுத்தித் தொட்டியைக் காலி செய்யச் சொன்னால் டிரைவர் கேட்க மாட்டார், வாடகைக் கடிகாரமும் நிற்காது. இரண்டு நெல்லும் ஒரே தொட்டியில் விழுந்துவிட்டால் நாலு மாத வேலை போச்சு. ஆகவே மெஷின் வருவதற்கு முதல் நாளே, காலைப் பனி காய்ந்ததும் இரண்டு வயலிலும் கட்டிவைத்த சதுரங்களைக் கதிர் அரிவாளால் அறுத்து, தனித்தனிச் சாக்கில் போட்டு, சாக்கின் வாயில் ரகத்தின் பெயரை எழுதிய அட்டையைக் கட்டி வீட்டுக்குக் கொண்டு வந்துவிட வேண்டும்.